யாபுகிதாவைப் பிடுங்கினால் எதை நடுவது?

ஷிஸுவோகா மாகாணத்தின் மலைச்சரிவில் ஒரு ஹெக்டேர் தேயிலைத் தோட்டம். செடிகள் முழுக்க யாபுகிதா ரகம், 1970களில் நட்டவை. கவாத்து வாங்கி வாங்கி அடிக்கட்டை முடிச்சு விழுந்து கிடக்கிறது. கொழுந்து ஆண்டுக்கு ஆண்டு மெலிகிறது. வரிசைக்கு நடுவே அங்கங்கே செடி செத்து இடைவெளி தெரிகிறது. ஜப்பானில் இன்று இந்த நிலையில் இருக்கும் விவசாயிகள் ஏராளம். பெரும்பாலானோர் வயதானவர்கள், பிள்ளைகள் நகரத்தில். தோட்டத்தை விட்டுவிடாமல் தொடர நினைக்கும் ஒருவர் முன்னால் உள்ள கேள்வி இது: பழைய செடியையே காப்பாற்றுவதா, பிடுங்கிவிட்டு வேறு ரகம் நடுவதா? நட்டால் எது?

ரகப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு சுவைக்கு இவ்வளவு, நிறத்துக்கு இவ்வளவு, மகசூலுக்கு இவ்வளவு என்று மதிப்பெண் போடுவது வழக்கம். எனக்கு அந்த முறையில் நம்பிக்கை இல்லை. நட்ட தேயிலை முப்பது, நாற்பது ஆண்டு நிற்கும். அதன் கொழுந்தோ பறித்த அன்றே ஆலைக்குள் போயாக வேண்டும். எனவே எந்த ரகம் என்று கேட்பதற்கு முன் இரண்டு விஷயம் தெரிந்தாக வேண்டும். கொழுந்து எந்த வாரத்தில் வரும்? அதை யார், எந்த இயந்திரத்தில் பதப்படுத்துவார்கள்? இந்த இரண்டும் தெளிவானால் பட்டியலில் பாதி ரகங்கள் தாமாகவே கழிந்துவிடும்.

நீலகிரியிலோ நுவரெலியாவிலோ தேயிலை பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த ‘வாரம்’ ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று புரிவது கடினம். அங்கே ஆண்டு முழுக்கக் கொழுந்து பறிக்கிறார்கள். ஒரு சுற்று கெட்டால் அடுத்த சுற்றில் ஈடுகட்டலாம். ஷிஸுவோகாவில் செடி குளிர்காலம் முழுக்க உறங்குகிறது. வேரிலும் தண்டிலும் சேர்த்து வைத்த சத்தையெல்லாம் வசந்தத்தில் ஒரே மூச்சில் துளிர்க்கச் செலவழிக்கிறது. அந்த முதல் பறிப்பு ஏப்ரல் இறுதியில் தொடங்கி மே நடுவுக்குள் முடிந்துவிடும். ஜூனில் இரண்டாம் பறிப்பு உண்டு, அதற்குப் பிறகும் இலை வரும். ஆனால் விலை பாதாளத்துக்குப் போய்விடும். ஆண்டு வருமானத்தின் பெரும்பங்கு மே மாதத்தை ஒட்டிய இரண்டு மூன்று வாரத்தில் முடிவாகிறது. அந்த வாரங்களுக்குள்ளும் விலை நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே வரும். ஒரு ரகம் நாலு நாள் முந்தித் துளிர்க்கிறது என்றால் அது பணம். அதே நாலு நாள் உறைபனிக்குள் தலையை நீட்டுவதாகவும் ஆகலாம்.

ஜப்பானின் தேயிலைப் பரப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இன்றும் யாபுகிதாதான். இந்த ஆதிக்கத்துக்குப் பின்னால் ஒரு தனிமனிதரின் பிடிவாதம் இருக்கிறது. சுகியாமா ஹிகோசாபுரோ (1857–1941) ஷிஸுவோகாக்காரர். அந்தக் காலத்துத் தோட்டங்கள் விதையிலிருந்து வளர்ந்தவை. தேயிலை தன் மகரந்தத்தைத் தானே ஏற்காத செடி என்பதால் விதையில் முளைத்த ஒவ்வொன்றும் ஒவ்வொரு குணம். ஒரே வரிசையில் ஒரு செடி துளிர்த்து முற்றியிருக்கும், அடுத்தது அப்போதுதான் மொட்டு விடும். சுகியாமா தோட்டம் தோட்டமாக அலைந்து நல்ல தாய்ச்செடிகளைத் தேர்ந்தெடுத்தார். 1908இல் ஒரு மூங்கில் புதரின் வடபக்கத்தில் நட்டிருந்த செடிதான் யாபுகிதா ஆனது. அவர் உயிரோடு இருந்தவரை அதைப் பெரிதாக யாரும் மதிக்கவில்லை. 1953இல்தான் அது தேசிய அளவில் பதிவானது. 1955இல் ஷிஸுவோகா மாகாணம் அதைப் பரிந்துரை ரகமாக அறிவித்தது. பிறகு நாடு முழுக்கப் பரவியது. தாய்ச்செடி இன்னும் ஷிஸுவோகா நகரில், வேலி போட்டுப் பாதுகாக்கப்பட்ட நிலையில் நிற்கிறது.

பரவியதற்குக் காரணம் சுவை மட்டும் இல்லை. யாபுகிதா குளிர் தாங்கும், குச்சி நாற்று எளிதில் வேர்பிடிக்கும், பலவகை மண்ணில் ஒப்பேறும், ஒரே சீராகத் துளிர்க்கும். இயந்திரப் பறிப்பு வந்த காலத்தில் இந்தச் சீர்மைதான் தங்கம். மணமும் துவர்ப்பும் உமாமி எனும் திரண்ட சுவையும் ஒன்றையொன்று மீறாமல் நிற்கும் கோப்பை அது. அன்றாடப் பச்சைத் தேநீரான சென்ச்சா என்றால் ஜப்பானியருக்கு நினைவு வரும் மணமே இந்த ஒரு ரகத்தின் மணம்தான் என்று சொன்னாலும் மிகையில்லை.

ஆனால் எல்லோரும் ஒரே ரகம் நட்டதால் எல்லோருக்கும் ஒரே வாரத்தில் கொழுந்து வருகிறது. கூட்டுறவு ஆலை வாசலில் வண்டிகள் வரிசை கட்டுகின்றன. ஆலைக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் அரைக்க முடியும் என்று கணக்கு இருக்கிறது. முறை வருவதற்குள் இலை ஒரு நாள், இரண்டு நாள் கூடுதலாகச் செடியில் முற்றுகிறது. எடை கூடும், நார் கூடும், விலை குறையும். நோயும் அப்படியே. இலைக்கருகல் நோய்க்கு யாபுகிதா எளிதில் இடம் கொடுக்கும். மழைக்கால ஈரத்தில் அது ஒரு தோட்டத்தில் பிடித்தால் பக்கத்துத் தோட்டமும் அதே ரகம்தான் என்பதால் தடையே இல்லாமல் பரவுகிறது. மருந்து அடிக்கலாம், ஏற்றுமதிக்கு அனுப்ப நினைத்தால் ஒவ்வொரு நாட்டின் மருந்து எச்ச வரம்பும் குறுக்கே நிற்கும்.

இத்தனைக்கும் பிறகு, பழைய யாபுகிதாவைப் பிடுங்காமல் ஆழக் கவாத்து செய்து புதுத் தண்டு எழுப்புவதை முதல் தெரிவாக வைத்துப் பார்க்கத்தான் வேண்டும். செலவு குறைவு. ஒரு பருவம், அதிகம் போனால் ஓராண்டு வருமானம்தான் போகும். பிடுங்கி நட்டால் கதை வேறு: முதல் மூன்று நாலு ஆண்டு பேருக்குக்கூட அறுவடை இல்லை, முழு மகசூலுக்கு ஏழெட்டு ஆண்டு ஆகும். மறுநடவுக்கு அரசு மானியம் உண்டு, அது இடைக்கால வயிற்றுப்பாட்டை முழுக்கத் தாங்காது. அறுபத்தைந்து வயது விவசாயிக்கு இந்த ஏழெட்டு ஆண்டு என்பது வேளாண் துறைக் கையேட்டில் வரும் எண் இல்லை, அவர் இன்னும் எத்தனை ஆண்டு உழைக்க முடியும் என்ற கணக்கு. ஆழக் கவாத்து இளமையைத் திருப்பிக் கொடுக்கும். வேர் சிதைந்து இடைவெளி விழுந்த வரிசையை அது காப்பாற்றாது. நாலில் ஒரு பங்கு செடி இல்லாத துண்டு நிலத்தைக் கவாத்து செய்வது வீண்வேலை என்பது என் எண்ணம்.

புது ரகங்களுக்கு வருவோம். பெயர் கேட்டவுடன் வாங்குபவர் கண்ணில் ஒளி வரும் ரகம் சாயேமிதோரி. யாபுகிதாவையும் அசாத்சுயுவையும் கலந்து தென்கோடி ககோஷிமாவின் மகுராசாகி ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கி, 1990இல் பதிவு செய்தார்கள். அசாத்சுயு, நிழலில் வளர்த்தெடுக்கும் கியொகுரோ தேயிலையின் பெயரால் ‘இயற்கைக் கியொகுரோ’ என்று பேர் வாங்கிய பழைய ரகம். நிழல்வலை போடாமலே நிழலில் வளர்ந்ததுபோல் இனிக்கும். அந்தக் குணம் சாயேமிதோரிக்கு அப்படியே இறங்கியிருக்கிறது. அமினோ அமிலம் அதிகம், துவர்ப்பு குறைவு, இறங்கும் நீர் கண்ணைப் பறிக்கும் பச்சை. மணம் மட்டும் அடக்கமானது. யாபுகிதாவின் புத்துணர்வான மணத்துக்குப் பழகியவர்களுக்கு ஏதோ குறைவதுபோல் இருக்கும். யாபுகிதாவைவிட ஏறக்குறைய 4 நாள் முந்தித் துளிர்க்கும்.

ககோஷிமாவின் கடலோரத்தில் அந்த 4 நாள் வரம். ஷிஸுவோகா மலைச்சரிவில் அது சூதாட்டம். 2010 மார்ச் 30ஆம் தேதி விடியலில் விழுந்த உறைபனி ஷிஸுவோகாத் தோட்டங்களில் துளிர்க்கத் தொடங்கியிருந்த மொட்டுகளைக் கருக்கியதை அங்கே யாரும் மறக்கவில்லை. அதற்காகத்தான் தோட்டங்களில் 6 மீட்டர் உயரக் கம்பத்தில் விசிறி பொருத்தியிருக்கிறார்கள். காற்றில்லாத தெளிந்த இரவில் தரை குளிர்ந்துபோகும், மேலே சில மீட்டர் உயரத்தில் சற்று வெதுவெதுப்பான காற்று தங்கியிருக்கும்; விசிறி அதைக் கீழே தள்ளும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் மலையில் சிதறிக் கிடக்கும் எல்லாத் துண்டு நிலத்துக்கும் மின்கம்பி போவதில்லை. விசிறி இல்லாத இடத்தில் சாயேமிதோரி நடுவதற்கு நான் யாருக்கும் யோசனை சொல்ல மாட்டேன், அதன் தேநீர் எனக்கு எவ்வளவு பிடித்திருந்தாலும்.

ஒகுமிதோரி இதற்கு நேர் எதிர். 1974இல் பதிவான ரகம். யாபுகிதாவுக்கும் ஷிஸுவோகாவின் உள்ளூர் விதைச்செடி ஒன்றுக்கும் பிறந்தது. யாபுகிதாவைவிட 8 நாள் போலப் பிந்தித் துளிர்க்கும். பனி அபாயம் பெரும்பாலும் கழிந்த பிறகுதான் மொட்டு விரியும். ஆலையில் கூட்டம் குறைந்த பிறகு இலை தயாராகும். விலை இறங்கிய வாரத்தில் விற்கிறோமே என்ற குறை உண்டு. ஆனால் முற்றிப்போன யாபுகிதாவை அதே வாரத்தில் விற்பதோடு ஒப்பிட்டால், இளசான ஒகுமிதோரியை விற்பது மேல். கசப்பு குறைந்த, மென்மையான தேநீர். இலைக்கு ஆழ்ந்த பச்சை. நிழல்வலைக்கு நன்றாக ஈடுகொடுப்பதால் பொடியாக அரைக்கும் மாட்சாவுக்கும் கியொகுரோவுக்கும் இதைத் தேடி வாங்குகிறார்கள். இருபது ஆண்டுக்கு முன்பு ‘பிந்திய ரகம்’ என்ற ஓரத்தில் இருந்த செடிக்கு இன்று தனி மவுசு.

இந்த இரண்டுக்கும் நடுவே ட்சுயுஹிகாரி. ஷிஸுவோகா மாகாண ஆராய்ச்சி நிலையத்தின் சொந்தப் பிள்ளை, 2003இல் பதிவானது, இதற்கும் ஒரு பெற்றோர் அசாத்சுயுதான். யாபுகிதாவைவிட ஓரிரு நாள்தான் முந்தும், ஆகவே பனிக்கணக்கு பெரிதாக மாறாது. இலைக்கருகல் நோயை நன்றாகத் தாங்கும். மருந்துச் செலவைக் குறைக்க நினைப்பவருக்கும் இயற்கை வேளாண்மைக்குப் போக நினைப்பவருக்கும் இது சின்ன விஷயம் இல்லை. தேநீர் நல்ல பச்சை, இதமான இனிப்பு. குறையென்று சொன்னால் பேர்தான். ஷிஸுவோகாவுக்கு வெளியே சாயேமிதோரியைக் கேட்டு வாங்குபவர்கள் இதைக் கேட்டு வாங்குவதில்லை. கடலோர ஒமாஎசாகி நகரம் இந்தக் குறையை ஊராகச் சேர்ந்து கையாண்டது. ஆளுக்கொரு ரகம் நடாமல் ட்சுயுஹிகாரியைத் தங்கள் ஊர் அடையாளமாக்கி நட்டு, அதே பெயரில் விற்கிறார்கள். இது ஏன் புத்திசாலித்தனம் என்பதற்கு ஆலைக்குள் போய்ப் பார்க்க வேண்டும்.

செய்மெய் என்ற புது ரகத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். சாயேமிதோரியோடு குளிர் தாங்கும் ஃபூஷுன் ரகத்தைக் கலந்து தேசிய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது; பதிவு 2020இல். சாயேமிதோரியின் நிறமும் இனிப்பும் வேண்டும், அதன் பலவீனம் வேண்டாம் என்று கேட்டவர்களுக்கான பதில் இது. குளிரும் நோயும் சற்றுக் கூடுதலாகத் தாங்கும், நிழலுக்கும் ஏற்றது. ஆனால் இதன் வயதான தோட்டத்தை இன்னும் யாரும் பார்த்ததில்லை. முப்பது ஆண்டுப் பயிரில் இது யோசிக்க வேண்டிய விஷயம்.

ககோஷிமாவில் யாபுகிதாவுக்கு அடுத்து அதிகம் நட்டிருக்கும் யுதாகாமிதோரியை ஷிஸுவோகா மலைக்காரர் எண்ணத்திலிருந்தே எடுத்துவிடலாம். குளிர் தாங்காது. அவ்வளவுதான்.

ஆலை

பறித்த கொழுந்து உயிரோடு இருக்கிறது, மூச்சு விடுகிறது, குவித்து வைத்தால் சூடேறுகிறது. கறுப்புத் தேயிலைக்கு இலையை வாட்ட வேண்டும். சென்ச்சாவுக்கு வாடவே கூடாது. வந்தவுடன் கொதிநீராவியில் காட்டி, இலையைக் கறுக்கச் செய்யும் நொதியைக் கொல்கிறார்கள். இந்த ஆவியின் நேரம்தான் தேநீரின் தலையெழுத்து. 30 முதல் 40 வினாடி காட்டினால் சாதாரண ஆவி: இலை முழுசாக ஊசிபோல் உருளும், நீர் தெளிந்த மஞ்சள் பச்சை, மணம் தூக்கலாக இருக்கும். ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம், அதற்கும் மேல் என்று போனால் ஆழ்ந்த ஆவி: இலை குழைந்து பொடியும், நீர் கலங்கிய அடர்பச்சை, துவர்ப்பு மழுங்கி உருண்டு திரண்ட சுவை. ஷிஸுவோகாவின் மகினோஹரா பீடபூமியில் வெயில் அதிகம், இலை தடிப்பு, துவர்ப்பு அதிகம். அதைப் பதப்படுத்தத்தான் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் ஆழ்ந்த ஆவி முறை அங்கே வளர்ந்தது. மூடுபனியில் மெல்லிய இலையோடு வளரும் மலைத் தோட்டத்துக்கு அது தேவையில்லை. மலை இலையை ஆழ்ந்த ஆவியில் போட்டால் அதன் மணத்தை நாமே அழிக்கிறோம்.

ஆவிக்குப் பிறகு சூடான காற்றில் உருட்டுவது, அழுத்திப் பிசைவது, மறுபடி உலர்த்தி உருட்டுவது, கடைசியில் நேராக ஊசிபோல் தேய்ப்பது, காயவைப்பது என்று நாலு மணி நேர வேலை. நூற்றுக்கு எண்பது பங்கு நீராக வந்த இலை 5 சதவீத ஈரத்தோடு வெளியேறும். ஐந்து கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோ தேயிலை என்பது வாய்க்கணக்கு. 1738இல் உஜி பக்கத்து நாகாதானி சோஎன் சூடான தட்டில் கையால் உருட்டி நிலைநாட்டிய முறையைத்தான் இன்றைய இயந்திரங்கள் ஒவ்வொன்றும் ஒரு கட்டமாகப் பிரித்துச் செய்கின்றன. தேயிலை இயந்திரத்துக்கு வழிபோட்ட தகாபாயாஷி கென்சோ 1885இல் வாங்கிய காப்புரிமைகள் ஜப்பானியக் காப்புரிமை வரலாற்றில் 2, 3, 4ஆம் எண்கள்.

இப்போது கணக்குக்கு வாருங்கள். கூட்டுறவு ஆலையின் ஒரு வரிசை இயந்திரம் ஒரு தடவைக்கு 120 கிலோ இலையை விழுங்கும். நீங்கள் 10 ஏர் நிலத்தில், அதாவது தோட்டத்தில் பத்தில் ஒரு பங்கில், சாயேமிதோரி நட்டு, இயந்திரத்தில் முதல் பறிப்பு எடுத்தால் 400, 500 கிலோ வரும். நாலு தடவைக்குத்தான் காணும். அதற்காக ஆவி நேரத்தையும் காற்றின் சூட்டையும் மாற்றி, முன்பு ஓடிய யாபுகிதாவைத் துடைத்தெடுத்துவிட்டுத் தனியாக ஓட்டித்தருமா ஆலை? மே முதல் வாரத்தில், வாசலில் வண்டி நிற்கும்போது? பெரும்பாலும் தராது. உங்கள் அருமையான ரகம் அடுத்தவர் யாபுகிதாவோடு கலந்து, அதே விலைக்குப் போகும். ஏழு ஆண்டு காத்திருந்ததற்குக் கூலி சுழியம். ஒமாஎசாகிக்காரர்கள் செய்தது இதனால்தான் சரி: ஊரே ஒரு ரகம் நட்டால் ஆலை அதற்கென்று நாளொதுக்கும்.

சொந்தத்தில் 35 கிலோ சின்ன இயந்திர வரிசை வைத்திருப்பவர் கதை முழுக்க வேறு. அவருக்குக் கூட்டம் இல்லை, கலப்பு இல்லை. பல ரகங்களைச் சின்னச் சின்னத் துண்டில் நட்டு, முந்தியது முதல் பிந்தியது வரை மூன்று வாரத்துக்கு வேலையைப் பரப்பிக்கொள்வதுதான் அவருக்கு லாபம். அரை நாளில் இயந்திரத்தின் கொள்ளளவைத் தாண்டும் இலை வந்தால் அவருக்கும் நஷ்டமே. இவர் நேரடியாக வாடிக்கையாளருக்கு, ஒற்றை ரகத் தேயிலை என்று பெயர் போட்டு விற்கலாம். சாயேமிதோரிக்கு விலை கிடைக்கும் வழி இதுதான்.

தென்ச்சா என்ற ஆசை

இப்போது யாரைக் கேட்டாலும் மாட்சாவுக்குப் போ என்பார்கள். மாட்சாவாக அரைபடும் இலைக்குத் தென்ச்சா என்று பெயர். 2025இல் கியோட்டோ ஏலத்தில் அதன் சராசரி விலை கிலோவுக்கு 8,235 யென் வரை போனது. முந்தைய ஆண்டைப்போல் ஏறத்தாழ 2.7 மடங்கு. ககோஷிமா தட்டைநிலத் தோட்டங்களும் பறிக்கும் வண்டிகளுமாக இந்தப் பக்கம் வேகமாகத் திரும்பிவிட்டது. 2024இல் மொத்தத் தேயிலை உற்பத்தியில் ஷிஸுவோகாவை முதன்முறையாக முந்தவும் செய்தது: 27,000 டன்னுக்கு எதிராக 25,800 டன்.

எண்களைப் பார்த்தால் கை துறுதுறுக்கும். வேலையைப் பார்த்தால் தயக்கம் வரும். பறிப்புக்கு முன் மூன்று வாரம் போல தோட்டத்தைக் கறுப்பு வலையால் மூட வேண்டும். வெயில் படாவிட்டால் வேரிலிருந்து ஏறிவரும் தியானின் என்ற இனிப்புதரும் அமினோ அமிலம் துவர்ப்புப் பொருளாக மாறாமல் இலையிலேயே தங்கும், பச்சையம் கூடும், இலை மெலிந்து அகலும். செடிக்கு இது பட்டினி. இளஞ்செடியையும் பலவீனமான கிழச்செடியையும் இப்படி மூடினால் அடுத்த ஆண்டு முகம் காட்டாது. மலைச்சரிவில் வலையை விரித்துச் சுருட்டுவதற்கு ஆள் வேண்டும்.

தென்ச்சா உருட்டப்படுவதில்லை. ஆவி பிடித்த இலையை உயர்ந்த வலைக்கூண்டுக்குள் விசிறியால் ஊதி ஊதிப் பிரித்து, செங்கல் உலைக்குள் ஓடும் பட்டையில் பரப்பிக் காயவைத்து, காம்பையும் நரம்பையும் நீக்க வேண்டும். சென்ச்சா ஆலையில் இதில் ஒன்றுகூடச் செய்ய முடியாது. தனி உலை, தனிக் கட்டடம். ஒரு மணிக்கு 40 கிராம் மட்டும் அரைக்கும் கல் திரிகை வேறு ஒருவர் தலைவலி. ஆனால் உலை பக்கத்தில் இருக்கிறதா என்பது உங்கள் தலைவலி. இலை கெடாமல் வண்டி போய்ச்சேரும் தூரத்தில் தென்ச்சா உலையும், அதன் உரிமையாளரோடு எழுதிப்போட்ட ஒப்பந்தமும் இருந்தால் யோசிக்கலாம். விலையை மட்டும் நம்பி நட்டால், முழு மகசூல் வரும் ஆண்டில் அந்த விலை இருக்கும் என்று யார் உத்தரவாதம் தருவார்கள்? இதே எண்ணத்தில் ஆயிரம் பேர் இப்போது நட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தப் போட்டியில் ஒகுமிதோரிக்கு ஒரு சாதகம் உண்டு. சந்தை சரிந்தால் வலையைச் சுருட்டிவைத்துவிட்டு நல்ல சென்ச்சாவாக அதையே விற்கலாம்.

வேறு பக்கம் பார்க்க விரும்புபவர்களுக்கு பெனிஃபூகி இருக்கிறது. 1993இல் பதிவானபோது அது கறுப்புத் தேயிலைக்கான ரகம். அதன் வம்சத்தில் இந்திய ரத்தம் ஓடுகிறது: 1870களில் மெய்ஜி அரசு அனுப்பி இந்தியா வந்த தாதா மொதோகிச்சி கொண்டுபோன விதைகளின் வழித்தோன்றலான பெனிஹொமாரே இதன் ஒரு பெற்றோர். பிறகு இதன் இலையில் மெத்தில் ஏறிய ஒருவகை கேட்டச்சின் (தேயிலையின் துவர்ப்புப் பொருள்) நிறைய இருப்பது தெரியவந்தது. ஒவ்வாமைத் தொல்லைக்கு உதவும் என்ற ஆய்வுகளால் பச்சைத் தேயிலையாகவே விற்பனை பிடித்தது. கறுப்புத் தேயிலையாகப் புளிக்கவிட்டால் அந்தப் பொருள் போய்விடும், ஆவியில் காட்டினால் நிற்கும். குடிக்கக் கசப்பு, மருந்துபோலத்தான் வாங்குகிறார்கள். வாங்குபவர் ஒருவர் கையில் இருந்தால் சிறு துண்டு நிலத்துக்குச் சரி.

நான் என்ன செய்வேன்

கூட்டுறவு ஆலையை நம்பியிருக்கும் அந்த ஒரு ஹெக்டேரை நான் ஒரேயடியாகப் பிடுங்க மாட்டேன். நல்ல வேரும் நெருக்கமும் உள்ள வரிசைகள், பாதிக்கு மேல் என்று வைத்துக்கொள்வோம், யாபுகிதாவாகவே நிற்கும். ஆண்டுக்கு ஒரு துண்டாக ஆழக் கவாத்து. சாதாரண ஆவியில் மலை யாபுகிதாவுக்கு இன்றும் தனி வாடிக்கை உண்டு, அதை இழப்பது மடத்தனம்.

பள்ளத்தில் இருக்கும் நிலம், இடைவெளி அதிகம் விழுந்தது, முதலில் போகும். குளிர்காற்று கனமானது, இரவில் சரிவில் வழிந்து பள்ளத்தில்தான் தேங்கும். பனி முதலில் கருக்குவது அந்த இடத்தை. அங்கே ஒகுமிதோரி. நடுச்சரிவில் வெயில் படும் துண்டில் ட்சுயுஹிகாரி, ஆனால் பக்கத்துத் தோட்டக்காரர்கள் மூன்று நாலு பேராவது சேர்ந்து நட்டு, ஆலையோடு பேசி ஒரு நாளை எழுதி வாங்கிய பிறகு. அவர்கள் வரவில்லை என்றால் அந்தத் துண்டிலும் ஒகுமிதோரிதான். பிந்தி வரும் இலைக்கு ஆலை தானாகவே இடம் கொடுக்கும், யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. சாயேமிதோரி, செய்மெய் இரண்டும் சொந்த இயந்திரம் உள்ளவர் விளையாட்டு. இரண்டில் ஒன்று என்றால், பனி விழும் மலைக்கு நான் செய்மெய் பக்கம்; உரிமம் பெற்ற நாற்றங்காலில்தான் வாங்க வேண்டும் என்பதை நினைவில் வைத்து. 2020இல் திருத்தி 2022இல் முழுமையாக அமலுக்கு வந்த விதைச் சட்டப்படி, பதிவுரிமை உள்ள ரகத்தை அனுமதியின்றித் தோட்டக்காரரே குச்சி வெட்டிப் பெருக்க முடியாது. வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதையும் தடுக்க 2021இலிருந்து வழி இருக்கிறது. யாபுகிதா, ஒகுமிதோரி போன்ற பழையவற்றுக்கு இந்தக் கட்டு இல்லை, தன் தோட்டத்திலேயே ஜூனில் குச்சி போட்டு நாற்று எடுத்துக்கொள்ளலாம்.

பிடுங்குவதற்கு முன் மண்ணைச் சோதிக்க வேண்டும். தழைச்சத்தை அள்ளிப் போட்ட காலத்துத் தோட்டங்களில் அமிலம் தேயிலையே தாங்காத அளவுக்கு ஏறியிருக்கும், பி.எச். அளவு 4க்கும் கீழே. பழைய வேரை எடுத்து, ஆழ உழுது, சுண்ணாம்புச் சத்து சேர்த்து, ஒரு கோடை ஆறப்போட்டு, அடுத்த வசந்தத்தில் நடலாம். வரிசைக்கு வரிசை 180 சென்டிமீட்டர். முதல் இரண்டு மூன்று ஆண்டுக்கு வரிசைக்கு நடுவே சுசுகிப் புல்லை வெட்டிப் பரப்ப வேண்டும்; காகேகாவா பக்கம் இதற்கென்றே புல்வெளிகளைப் பராமரிக்கிறார்கள், அந்த முறையை 2013இல் உலக வேளாண் மரபாக அங்கீகரித்தார்கள். நாற்றுக்கு முன்பதிவு ஓராண்டு முன்னதாகவே செய்துவிட வேண்டும். ஒகுமிதோரிக்கு இப்போது தென்ச்சாக்காரர்களும் வரிசையில் நிற்கிறார்கள்.